ஓப்பன்குவேக்கில் சுமாத்திராப் பிளவு: திருகோணமலைக்காக வரையும்போது கவனிக்க வேண்டியவை

ஓப்பன்குவேக் என்ற நிலநடுக்க ஆபத்துக் கணிப்பு மென்பொருளில் திருகோணமலைக்கு ஒரு நிலநடுக்கக் காட்சி (ஒரு குறிப்பிட்ட நிலநடுக்கம் வந்தால் என்னாகும் என்ற கணக்கு) போடச் சொன்னால் கை முதலில் போவது 2004 டிசம்பர் 26க்குத்தான். பருமன் 9.1, குவியம் நெட்டாங்கு 95.98, அகலாங்கு 3.30, ஆழம் 30 கிலோமீற்றர். உடைவை விவரிக்கும் ரப்சர் கோப்பில் இவற்றை எழுத ஐந்து நிமிடம் போதும். பிளவுத் தளம்தான் ஒரு முழு நாளையே விழுங்கும்.

பருமனிலிருந்து பிளவின் அளவைத் தரும் ஸ்ட்ராஸர் 2010 சமன்பாட்டில் 9.1ஐப் போட்டால் நீளம் 702, அகலம் 205 கிலோமீற்றர் வரும். அன்று உடைந்தது ஏறக்குறைய 1300. பாறையின் விறைப்பு 30 கிகாபாஸ்கல் என்று வைத்தால், 702க்கு 205 தளத்தில் சராசரி நழுவல் 13 மீற்றர். 1300க்கு 180 தளத்தில் 8 மீற்றர். பருமன் ஒன்றுதான், கடலடி எழும்புவது வேறு. இதைவிடப் பெரிய தவறு, குவியத்தை நடுவில் வைத்து நீளத்தை இருபுறமும் பாதியாகப் பிரிப்பது. 2004இல் உடைவு குவியத்திலிருந்து வடக்கே ஓடியது. 702ஐப் பாதியாகப் பிரித்தால் வட முனை வட அகலாங்கு 6 பாகையோடு நின்றுவிடும். நமக்கு நேர் கிழக்கே இருக்கும் நிக்கோபார்ப் பகுதி அசையாமலே கிடக்கும். சுனாமியின் வலு பிளவுக்குக் குறுக்காகத்தான் பாயும் என்பதால், திருகோணமலையில் அலை உயரம் குறைவாக வந்து ஆளை ஏமாற்றும்.

பிளவு ஓடும் கடலடி அகழி வளைந்தது, ஒற்றைத் தளம் சரிவராது. வளைந்த தளங்களுக்கான கொம்ப்ளெக்ஸ் ஃபோல்ட் வகையை எடுத்து, மேல், இடை, கீழ் விளிம்புகளை கீழே அமிழும் புவித்தட்டின் ஆழத்தைத் தரும் ஸ்லாப்2 மாதிரியின் ஆழக்கோடுகளில் இருந்து பிடியுங்கள். ஸ்லாப்2 ஆழத்தை மைனஸில் தரும், ஓப்பன்குவேக் கீழ்நோக்கி நேர் எண்ணாக எடுக்கும். புள்ளிகள் தெற்கிலிருந்து வடக்காகப் போகவேண்டும், சாய்வு வலப்பக்கம் விழவேண்டும். மாறிப்போனால் இந்த வகை பிழை காட்டி நிற்கும். எளிய வகையான சிம்பிள் ஃபோல்ட் வாய் திறக்காது. பிளவை மேற்கே சாய்த்துவிட்டுச் சாதுவாகக் கணக்கை முடித்துத் தரும். அதனால் ஓடவிட முதல் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒருமுறை வரைந்து பாருங்கள். வலை இடைவெளி 10 கிலோமீற்றர் என்றால் சுமார் 2340 புள்ளிகள்; 2 என்றால் 58,500. இவ்வளவு தூரத்துக்கு 10 தாராளம்.

அதே தளத்தை, நழுவலால் கடலடி எவ்வளவு அசையும் என்று கணிக்கும் ஒக்காடா முறைக்குக் கொடுக்கும்போது, ஆழம் மேல் விளிம்புக்கா, தளத்தின் நடுவுக்கா என்று பாருங்கள். நிரலுக்கு நிரல் மாறும். 180 கிலோமீற்றர் அகலம், 12 பாகைச் சாய்வு என்றால் இரண்டுக்கும் இடையே 19 கிலோமீற்றர்.

மக்சிமம் டிஸ்டன்ஸை (பிளவிலிருந்து எவ்வளவு தூரம் வரை கணக்கிடுவது என்ற எல்லை) 300 கிலோமீற்றர் என்று விட்டால் திருகோணமலை கணக்குக்குள்ளேயே வராது. பிளவின் அருகுப் பகுதிகூட ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். எண்ணைக் கூட்டினால் விடை வரும், ஆனால் அதிர்வுச் சமன்பாடுகள் அந்தத் தூரத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. சுமாத்திராவைச் சுனாமிக்கு வைத்துக்கொண்டு, அதிர்வுக்கு உள்ளூரில் பருமன் 6 ஒன்றை எடுப்பதே நியாயம். பருமனிலிருந்து பிளவுப் பரப்பைத் தரும் வெல்ஸ்-கொப்பர்ஸ்மித் சமன்பாட்டில் அதன் பரப்பு 93 சதுர கிலோமீற்றர்தான். ஒற்றைத் தளமே போதும்.

நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. குவியத்தை மாற்றி எழுதினால் 95.98 அகலாங்காக முடியாது, உடனே மாட்டும். திருகோணமலையின் 81.23, 8.57ஐ மாற்றினால் மாட்டாது. ஊர் பேசாமல் நோர்வேயின் ஸ்வால்பாட் தீவுகளுக்கு வடக்கே ஆர்ட்டிக் கடலில் போய் உட்கார்ந்திருக்கும்.