மனக்கணக்கா, வாய்ப்பேச்சா? நிற்கும் காலைக் கேளுங்கள்

பாம்பனில் 40 ஆண்டுகள் ஆடும் வல்லத்தில் நின்று வலை இழுத்தவர் என் அப்பா. 72 வயதில், அசையாத தரையில் தடுமாறுகிறார். மனம் வேறு வேலையில் இருக்கும்போதுதான் தடுமாற்றம் அதிகம். எந்த வேலை அதிகம் கெடுக்கிறது, மனக்கணக்கா, பேச்சா?

சும்மா நிற்பதுகூடச் சும்மா நடப்பதில்லை. உடலின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. கெண்டைக்கால் தசை அதை நங்கூரக் கயிறுபோல இழுத்துப் பிடித்திருக்கிறது. கண், உட்காது, பாதம் மூன்றும் தரும் சேதியைக் கொண்டு மூளை அந்த இழுப்பைக் கூட்டிக் குறைக்கிறது.

மனக்கணக்கு என்றால் 100, 93, 86 என்று ஏழேழாகக் குறைப்பது. எளிய கணக்கு இளைஞரைக் கெடுப்பதில்லை. கவனம் காலைவிட்டு விலகுவதால் உடலின் ஆட்டம் குறைவதும் உண்டு. ஆட்டம் குறைந்தாலே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். கெண்டைக்கால் தசையும் கணுக்காலின் முன்பக்கத் தசையும் ஒருசேர இறுகினாலும் ஆட்டம் குறையும். அப்படி விறைத்த கால் திடீர் அசைவுக்கு ஈடுகொடுக்காது. கணக்கு கடினமானால் முதியவரின் ஆட்டம் கூடுகிறது.

பேச்சுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். யோசனையோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. பேசும்போது மூச்சின் ஒழுங்கு மாற, நெஞ்சின் அசைவு உடலையும் அசைக்கிறது. பேசுவதற்காக நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் அதிகம் விழுந்தார்கள் என்று 1997இல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. அது நடையைப் பற்றியதுதான், ஆனால் நின்றபடி கைபேசியில் பேசும் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. அவரை உட்கார்ந்து பேசச் சொல்லிவிட்டேன்.

அப்பா தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சிக்கு மனக்கணக்கையே தேர்ந்தேன். முதல் வாரம் நாற்காலி அருகில் வெறுமனே நின்றார். பிறகு கணக்கு. ஏழேழாகக் குறைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "கரையைப் பின்னாலிருந்து எண்ணுகிறேன்" என்றார். மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை என மண்டபம் வரை கரையோர ஊர்களை, மனத்துக்குள்ளேயே. நான் அவருடைய கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், சீராக நின்றது.

நடுவில் "பெரியபட்டினம் சொன்னேனா?" என்று வாய்திறந்து கேட்டார். கேட்கும்போதே அவர் கை நாற்காலியைப் பிடித்துவிட்டது.