பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நாள் பாளையக்காரர் சுற்றுலா: மதிப்புரை

நெற்கட்டும்செவல், கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி ஆகிய ஊர்களுக்கு வேனில் அழைத்துச் செல்லும் இந்தச் சுற்றுலாவின் உயிர் அதன் வழிகாட்டிதான். வீரக்கதைகளோடு நின்றுவிடாமல், ஆற்காட்டு நவாப் கும்பினியாரிடம் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம்) பட்ட கடனால் திருநெல்வேலிச் சீமையின் வரிவசூல் படிப்படியாகக் கைமாறியதையும், 1792 உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் உரிமை கும்பினிக்கே போனதையும் அவர் பொறுமையாக விளக்கினார். 1755இல் கும்பினிப் படைத்தலைவர் கர்னல் ஹெரானுக்குப் பணிய மறுத்த நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரையும், அவரை எதிர்த்துக் கும்பினிக்காகப் படை நடத்திப் பின்னர் 1764இல் அதே தரப்பாரால் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்ன விதம் மிகச் சிறப்பு. யார் யாருக்குத் துணைநின்றார்கள் என்பதை அவர் எங்கும் மறைக்கவில்லை. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் வேனில் வந்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார்.

குறை என்றால் பாஞ்சாலங்குறிச்சியில்தான். 1974இல் கட்டப்பட்ட நினைவுக்கோட்டையைப் பார்ப்பதிலேயே நேரம் முடிந்துவிட, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பி மே மாதம் வரை கும்பினிப் படையைத் தடுத்து நிறுத்திய வரலாறு சில வாக்கியங்களில் முடிந்தது எனக்கு வருத்தமே. மதியச் சாப்பாடு சுமார். இருந்தாலும், பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெயில் தணிந்த மாதங்களில் செல்வது நல்லது.