ரோஸ்டரைப் பின்தேதியிட்டு மாற்றும் கம்பெனிகள்: வேலைக்குச் சேருமுன் ஒரு எச்சரிக்கை

சிங்கப்பூரின் வடக்குப் பக்கம் ஒரு உணவுத் தயாரிப்புக் கம்பெனி. பெரிய சமையற்கூடம் வைத்து, சமைத்ததைப் பொட்டலம் கட்டி லாரியில் அனுப்புகிறவர்கள். பெயர் போடவில்லை. இதே வித்தையைச் செய்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன், அதனால் பெயரைவிட வித்தை தெரிவதுதான் உங்களுக்கு உதவும். நான் அங்கே காய்கறிப் பிரிவில் இருந்தேன். ஓடி (OT, கூடுதல் நேர வேலை) காசில் கை வைத்தார்கள், விரல் வெட்டுப்பட்டபோது அதையும் மூடி மறைக்கப் பார்த்தார்கள். இரண்டுக்கும் அவர்கள் பயன்படுத்தியது வாட்ஸ்அப்பில் வரும் ரோஸ்டரைத்தான், அதாவது யாருக்கு எந்த நாள், எந்த நேரம் வேலை என்ற அட்டவணையை.

முதலில் சம்பளம். நேர்முகத்தில் சொன்னது: அடிப்படைச் சம்பளம் 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வாரம் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், சாப்பாட்டு நேரம் தனி. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 48 மணி நேரம். வேலை நியமனச் சட்டப்படி, உடலுழைப்பு வேலை செய்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேல் போகாதவரை, வாரத்துக்கு 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை. (மற்ற ஊழியர்களுக்கு இந்தச் சம்பள வரம்பு 2,600 வெள்ளி.) ஷிஃப்ட் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, மூன்று வாரச் சராசரி 44ஐத் தாண்டக் கூடாது. மிச்சம் நாலு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். என் சம்பளத்துக்கு அது 11.54 வெள்ளி, ஓடிக்கு 17.31. வாரம் நாலு மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 300 வெள்ளி. அதை ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் விழுங்கினார்கள்.

கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்ன பதில்: "மாசச் சம்பள ஆளுக்கெல்லாம் ஓடி கிடையாது லா, அக்கா." அவரும் நம்ம ஆள்தான், தமிழில்தான் சொன்னார். சுத்தப் பொய். பே ஸ்லிப்பில் ஓடி மணி நேரமும் ஓடி சம்பளமும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2016 ஏப்ரல் 1லிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்கு வந்ததில் 'அலவன்ஸ்' என்று ஒரே ஒரு வரி. அதே தேதியிலிருந்துதான் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும் கட்டாயம், வேலையில் சேர்ந்து 14 நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்த தாளில் வேலை நேரம் என்ற கட்டத்தில் 'ரோஸ்டர் படி' என்று மட்டும் இருந்தது. ஓய்வு நாள் என்ற கட்டத்திலும் அதேதான். உங்களுக்கும் இப்படி ஒரு தாளை நீட்டினால், நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை நாள், ஓய்வு நாள் எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ரோஸ்டர் கதைதான் பெரிய கதை. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணி வாக்கில் குழுவில் ஒரு படம் வரும். மறுநாள் காலை ஏழு மணி என்று நினைத்துப் படுத்தவருக்கு, விடிகாலை ஐந்து மணி ஷிஃப்ட். மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் பிள்ளைகள் பாடுதான் பாவம், கடற்பாலத்தைத் தாண்ட அவர்கள் நடுராத்திரியே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஷிஃப்ட் நேரத்தை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஒரு கணக்கு வைக்கவில்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. 2024 டிசம்பரில் வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டியும் நாம் நேரம் மாற்றிக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்கிறதே தவிர, முதலாளி நம் நேரத்தைப் பந்தாடுவதைத் தடுப்பதில்லை.

ஆனால் ஓய்வு நாள் விஷயத்தில் சட்டம் தெளிவு. வாரத்துக்கு ஒரு நாள் கட்டாயம். அது வாரத்துக்கு வாரம் மாறும் என்றால், மாதம் பிறக்குமுன்பே ரோஸ்டர் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஓய்வு நாளுக்கும் அடுத்த ஓய்வு நாளுக்கும் நடுவே 12 நாளுக்கு மேல் போகக் கூடாது. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு ஷிஃப்ட் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம், அரை நாள் வரை பார்த்தால் ஒரு நாள் சம்பளம்.

அந்த இரண்டு நாள் சம்பளத்தைத் தவிர்க்கத்தான் வித்தை. புதன்கிழமை என் ஓய்வு நாள் என்று ரோஸ்டரில் இருக்கும். செவ்வாய் இரவு "ஆள் பத்தல, வாங்க" என்று கூப்பிடுவார்கள். போய் வேலை பார்த்து வந்த பிறகு குழுவில் இருந்த பழைய படம் அழிக்கப்பட்டிருக்கும். புதிதாக வந்த படத்தில் புதன் வேலை நாள், அடுத்த வாரம் ஏதோ ஒரு நாள் ஓய்வு. கம்பெனி கோப்பில் போவது இரண்டாவது படம். கூட வேலை பார்த்த ஒரு பிள்ளைதான் படம் வந்தவுடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பின்னால் எனக்குக் கை கொடுத்தது அதுதான்.

அப்புறம் விரல். வெங்காயம் நறுக்கும் மெஷினில் மூடியைத் திறந்தால் கத்தி தானாக நின்றுவிட வேண்டும், அதற்கென்று ஒரு காந்த சுவிட்ச் இருக்கும். எங்கள் மெஷினில் அந்த சுவிட்ச் மேல் வேறொரு சின்னக் காந்தத்தை வைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். மூடி திறந்திருந்தாலும் கத்தி ஓடும், அடைத்துக்கொண்டதைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடரலாம். டேப் புதிதாகக்கூட இல்லை, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. அந்த மெஷினில்தான் என் இடக்கை நடுவிரல் மாட்டியது. தையல் போட வேண்டியதாயிற்று.

கிளினிக் போகும் வழியில் சூப்பர்வைசர் சொன்னார்: "வீட்ல கத்தி பட்டுச்சுன்னு சொல்லிடுங்க அக்கா, எல்லாருக்கும் நல்லது." நான் டாக்டரிடம் மெஷின் என்றேன். எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கொடுத்தார். வாரக் கடைசியில் வந்த ரோஸ்டரில் என் பெயருக்கு நேரே, எம்சி நாட்களில், வருடாந்திர விடுப்பு என்று போட்டிருந்தது. எம்சி முடிவதற்குள்ளேயே உட்கார்ந்து லேபிள் ஒட்ட வரச் சொல்லி போன் வேறு.

2020 செப்டம்பரிலிருந்து, வேலையில் நடந்த விபத்துக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், இலகு வேலை என்று எழுதிக் கொடுத்தாலும், முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு. முதல் 14 நாள் எம்சிக்கு முழுச் சம்பளம், அதைச் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். காயம் யார் தவறால் என்ற கேள்விக்கே வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் இடமில்லை. அதனால் "நீங்கதான் கவனமில்லாம கை விட்டீங்க" என்று மிரட்டினால் அசைய வேண்டாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் கோரிக்கை வைக்கலாம்.

நான் வேலையை விட்டேன். ஓடி, ஓய்வு நாள் பாக்கிக்கு சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் டிஏடிஎம் (TADM) என்கிற முத்தரப்பு அமைப்பில் இணையம் வழியாகப் பதிந்தேன். அவர்கள் சமரசம் பேச அழைப்பார்கள். ஒத்து வராவிட்டால்தான் நடுவர் மன்றம், அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், தொழிற்சங்கம் மூலம் போனால் 30,000. சமரசத்துக்கு வந்த எச்ஆர் அம்மா அச்சடித்த ரோஸ்டரை மேசை மேல் வைத்தார். நான் போனைத் திறந்து அதே வாரத்தின் பழைய படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. ஓடி பாக்கி முழுதாக வந்தது, ஓய்வு நாள் காசில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்தேன். விரல் விஷயம் தனி, அது டிஏடிஎம்முக்குப் போகாது, மனிதவள அமைச்சிடம்தான் கோர வேண்டும். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களும் சம்பளப் பாக்கி, காய இழப்பீடு இரண்டையும் கேட்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எம்டபிள்யூசி என்ற வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் உதவி கேளுங்கள். கெடுவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வேலையில் இருக்கும்போது சம்பளப் பாக்கிக்கு ஒரு வருடம், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம். என்னோடு அதே சமயத்தில் வெளியே வந்த இன்னொரு அக்காவுக்கு என்னைவிடப் பாக்கி அதிகம். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். அவர் பதியப் போனபோது ஆறு மாதம் தாண்டிவிட்டது.