மவுத் ஆர்கனில் ப்ளூஸ்: ஏழு வருஷத்துக்கு அப்புறம்

2018 ஜூனில் செங்கோட்டை - புனலூர் அகலப்பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது. எட்டு வருஷமாக மூடிக் கிடந்த லைன். எங்கள் வீடு புளியரைப் பக்கம். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின் என்று ரயில் பகவதிபுரம் தாண்டி மலை ஏறும் சத்தம் ராத்திரியில் கட்டில் வரைக்கும் வரும். அதை வாயில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்ற கிறுக்கு அப்போதுதான் பிடித்தது. அந்த வருஷமே ஒரு மவுத் ஆர்கன் வாங்கினேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. வாங்கலாமா, என்ன வாங்கலாம், எவ்வளவு நாளில் வரும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு மேடைக் கச்சேரி அனுபவமெல்லாம் கிடையாது. பிரானூர் பார்டரில் ஒரு மரமில்லில் கணக்கு எழுதுகிறேன். (1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை மேற்கே கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது.)

முதலில் வாங்கியது தவறான கருவி. திருவிழாக் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய், இரண்டு வரிசையாக இருபத்து நான்கு ஓட்டை. அது ட்ரெமலோ வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு (காற்றில் ஆடிச் சத்தம் தரும் சின்ன உலோக நாக்கு), ஒன்றுக்கொன்று இம்மியளவு சுருதி தள்ளி வைத்திருப்பார்கள். அதனால்தான் அந்த அலையடிக்கும் சத்தம். பழைய சினிமாப் பாட்டு வாசிக்க அருமையாக இருக்கும். எனக்குப் பிடித்தது ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதற்கு ட்ரெமலோ ஆகாது, ஏனென்றால் அதில் சுரத்தை வளைக்க வழியில்லை. ப்ளூஸுக்கு வேண்டியது பத்து ஓட்டை டயடோனிக், அதாவது ஒரே கீயின் (சுருதியின்) சுரங்களுக்காகச் செய்த வகை. 'சி' கீயில் ஒன்று வாங்கினால் போதும். நான் ரெண்டாவதாக வாங்கியது மூவாயிரத்துச் சொச்சம், நடுச்சீப்பு (ஓட்டைகளைப் பிரிக்கும் நடுப்பலகை) பிளாஸ்டிக். கம்பெனி பெயர் சொல்லி விளம்பரம் செய்யப் போவதில்லை. இந்த விலைக்கட்டில் நல்ல மாடல்கள் நாலைந்து உண்டு.

வந்த அன்றே கடைக்காரரிடம் சண்டை போட்டேன். இரண்டாம் ஓட்டையில் மூச்சை உள்ளே இழுத்தால் சத்தமே வரவில்லை. கிழவி கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு காற்று மட்டும் வந்தது. ரீடு போயிருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று போனில் கத்தினேன். அவர் பொறுமையாக, "சார், பத்து நாள் வாசிச்சிட்டுப் பேசுங்க" என்றார். பத்தாம் நாள் சத்தம் வந்தது. கோளாறு என் வாயில்தான் இருந்திருக்கிறது. புதுசாகப் பிடிக்கிற எல்லாருக்கும் இந்த 2 இழு தகராறு செய்யும். உதட்டை இறுக்கிப் பிடித்து வேகமாக உறிஞ்சுவதுதான் காரணம். தாடையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக இழுத்தால் வரும்.

அதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் ப்ளூஸில் அந்த 2 இழுதான் வீடு. 'சி' கீ ஆர்கனை ஊதினால் 'சி' கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, வரும். ஜெர்மன்காரர்கள் நாட்டுப்புற மெட்டுகளுக்காக அப்படிச் செய்தார்கள். ட்ராசிங்கன் ஊரில் ஹோனர் என்பவர் 1857-ல் ஆர்கன் செய்யும் தொழிலை ஆரம்பித்தார். இன்றுவரை ப்ளூஸ்காரர்கள் கொண்டாடும் மரைன் பேண்ட் மாடல் 1896-ல் வந்தது. அமெரிக்கத் தெற்கில் இருந்த கறுப்பினக் கலைஞர்கள் அதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். 'சி' ஆர்கனை 'ஜி' சுருதிக்கு வாசித்தார்கள். 2 இழுவை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் முக்கியமான சுரங்கள் பெரும்பாலும் இழுப்பில் வந்துவிடும். இழுப்பில்தான் சுரம் நன்றாக வளையும், அழும், முனகும். ஊதுகிற வாத்தியம் என்று வாங்கிய ஒன்றை ஏழு வருஷமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

நம் கணக்கில் சொன்னால் இன்னும் சுலபம். ப்ளூஸின் ஐந்து அடிப்படைச் சுரங்கள் நம் சுத்த தன்யாசி ராகமேதான்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். நடுவில் பிரதி மத்யமத்தை ஒரு தொடு தொட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். மேல் ஷட்ஜத்திலிருந்து 6 ஊது, 5 இழு, 4 இழு, 4 ஊது என்று இறங்கி 2 இழுவில் உட்காருங்கள். ச நி ப ம ச. எதையும் வளைக்கத் தேவையில்லை. முதல் மாதத்துக்கு இந்த ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரத்துணுக்கு) போதும்.

அடுத்தது எல்லாரும் எங்கேயோ கேட்டிருக்கிற ரிஃப்: 2 இழு, 4 ஊது, 2 இழு, 3 இழு, 2 இழு. நிறுத்தி நிறுத்தி, மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். இதில் அந்த 3 இழுவை அப்படியே வாசித்தால் அந்தர காந்தாரம் விழும். சண்டியருக்குப் பதிலாக நர்சரிப் பிள்ளை வந்து நிற்கும். அதை அரைச் சுரம் கீழே வளைக்க வேண்டும். என் ஏழு வருஷத்தில் இரண்டு வருஷத்தைத் தின்றது இந்த ஒற்றை ஓட்டை.

வளைவது எப்படி என்று புரிந்துகொண்ட பிறகு கொஞ்சம் வேகம் வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ரீடு இருக்கிறது, ஊதுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று. இழுக்கும்போது நாக்கைப் பின்னால் வாங்கி வாய்க்குள் இடத்தை மாற்றினால், ஊதும் ரீடும் சேர்ந்து ஆட ஆரம்பித்துச் சுரத்தைக் கீழே இழுக்கும். இரண்டு ரீடுக்கும் நடுவில் எத்தனை அரைச்சுரம் காலியாக இருக்கிறதோ அத்தனைதான் வளையும். நாலாம் ஓட்டையில் ஒன்று, இரண்டில் இரண்டு, மூன்றில் மூன்று. ஐந்தாம் ஓட்டையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சுரம் என்பதால் முழுசாக ஒன்றுகூட வளையாது. அதில் முட்டி மோதாதீர்கள். நாலாம் ஓட்டையில்தான் பழக வேண்டும். 'ஈ' என்று வைத்த வாயை, இழுப்பை நிறுத்தாமல், மெதுவாக 'ஊ'வுக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் வந்தது. மூன்றாம் ஓட்டையில் மூன்று படி இருப்பதால் கால் வழுக்கி ஒரேயடியாகக் கீழே போய்விடும். நடுவில், சரியாக முதல் படியில், நிறுத்துவதுதான் வித்தை. போனில் சுருதி பார்க்கும் ஆப் வைத்து முள் நடுவில் நிற்கிற வரை பழகினேன். அப்புறம் பழைய ரெக்கார்டுகளைக் கேட்டால், பெரிய ஆட்கள் அந்த முள்ளில் நிற்பதே இல்லை. இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ தொங்கவிடுகிறார்கள். நம் ஊர் நாகஸ்வரக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சுரத்தைவிடத் தாளத்தில் நான் அதிகம் கோட்டை விட்டேன். ப்ளூஸின் ஒரு சுற்று பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), பாருக்கு நாலு அடி, மொத்தம் நாற்பத்தெட்டு, அதாவது ஆறு ஆதிதாள ஆவர்த்தனம். முதல் நாலு பார் 'ஜி' கார்டு, இரண்டு 'சி', இரண்டு 'ஜி', பிறகு 'டி', 'சி', 'ஜி', கடைசியில் திரும்பிப் போக ஒரு 'டி'. ஒவ்வொரு அடியையும் திஸ்ரமாக 'தகிட' என்று எண்ணி, நடு 'கி'யை விழுங்கிவிட வேண்டும். த-ட, த-ட, த-ட. அந்த நொண்டல்தான் ஷஃபிள். நான் ஒரு வருஷம் அதை 'தக தக' என்று நேராக வாசித்துக்கொண்டிருந்தேன். மில்லுக்குத் தடி ஏற்ற வரும் புனலூர் லாரி டிரைவர் ஒருவர்தான் காதில் ஏற்றினார். அவருக்கு ப்ளூஸ் என்ற சொல்லே தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தடி அடுக்குக்குப் பின்னால் நான் வாசிக்க, அவர் டீசல் டேங்கில் இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். த-ட, த-ட. என் காலும் அதில் விழுந்துவிட்டது. முடிந்ததும் "அண்ணா, ஆ ட்ரெயின் ஒண்ணு கூடி" என்றார் மலையாளத்தில், அந்த ரயிலை இன்னொரு தடவை என்று.

ரயில் வாசிப்பது எல்லாருக்கும் பிடிக்கும். ஒன்று, இரண்டு ஓட்டைகளைச் சேர்த்து இரண்டு முறை இழுத்து இரண்டு முறை ஊத வேண்டும், நாக்கால் 'தக' சொல்லிக்கொண்டே. மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏற்றி, நடுநடுவே 4, 5 இழுவைச் சேர்த்துப் பிடித்து, ஆர்கனைப் பொத்தியிருக்கும் கைக்கூட்டைத் திறந்து மூடினால் விசில். 1920களில் டிஃபோர்ட் பெய்லி நாஷ்வில் வானொலியில் ரயில் வாசித்தே பெயர் வாங்கினார். கண் தெரியாத சன்னி டெர்ரியும் அப்படித்தான். 1950களில் சிகாகோவில் லிட்டில் வால்டர் கைக்கூட்டுக்குள் மைக்கைப் பொத்திப் பிடித்து ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசித்தது வேறு உலகம். அதைக் கேட்டுவிட்டு நானும் ஒரு மைக் வாங்கினேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம், பரணில் இருக்கிறது.

இனி ஆர்கன் எவ்வளவு நாள் உழைக்கும் என்ற விஷயம். எங்கள் ஊரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். துணியே காயாது. நண்பனுடைய மரச்சீப்பு ஆர்கன் ஒரே சீசனில் ஈரத்தில் உப்பிப் போய், சீப்புப் பல் வெளியே துருத்தி உதட்டைக் கிழித்தது. மில் மேஸ்திரி அண்ணாச்சியிடம் காட்டினால், "பச்சை மரத்தையும் ஈர மூச்சையும் நம்பாத தம்பி" என்றார். என்னுடையது பிளாஸ்டிக் என்பதால் தப்பித்தது. அதைக் கவரைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம், மரத்தை அலசக் கூடாது. காலைக் குளிரில் எடுத்தவுடன் வாசித்தால் ரீடில் நீர் கோத்து ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் பத்து நிமிஷம் சூடேற்றிவிட்டு வாசியுங்கள். அந்தச் சட்டைப் பையே எனக்கு எதிரியும்கூட. மில்லில் மரத்தூள் எங்கும் பறக்கும். ஒரு தூள் ரீடுக்கும் பலகைக்கும் இடையில் போய் உட்கார்ந்தால் ஓட்டை ஊமையாகிவிடும். இப்போது மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைக்கிறேன். பரோட்டா சால்னா சாப்பிட்டால் வாய் கொப்பளிக்காமல் தொடுவதில்லை.

ரீடு பித்தளை. ஓங்கி இழுத்து வளைத்துக்கொண்டே இருந்தால் களைத்துப் போகும். மூன்றாம் வருஷம் நாலாம் ஓட்டை இழு சுருதி இறங்கிவிட்டது. புதுசு வாங்க மனசில்லை. மில்லில் ரம்பத்துக்கு அரம் போடுகிறவரிடம் கொண்டுபோனேன். கவரைக் கழற்றி, அந்தச் சின்னப் பித்தளை நாக்கை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் மெல்ல ஒரு சுண்டு. "நுனியில கொஞ்சம் எடுத்தா லேசாகும், வேகமா ஆடும். அடியில எடுத்தா தொங்கிப் போகும். என்ன வேணும் உனக்கு?" சுருதி ஏற வேண்டும் என்றேன். சிகரெட் பெட்டி அட்டையை ரீடுக்குக் கீழே செருகி, ஊசி முனை அரத்தால் நுனியில் மூன்றே மூன்று தடவல். முள் நடுவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இன்னும் துல்லியமாக்குகிறேன் என்று நானே பிளேடால் சுரண்டி, ஏறக் கூடாத அளவுக்கு ஏற்றி, திரும்பவும் அவரிடமே போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடிப்பக்கம் ஒரு தடவல் தடவிக் கொடுத்தார். அது நாலு வருஷம் ஓடிவிட்டது.

வேறு குறைகள்? முதல் மாதம் தலை சுற்றும். இழுப்பே அதிகம் என்பதால் நெஞ்சு காற்றால் நிறைந்து முட்டும், மூக்கு வழியாக வெளியேற்றப் பழக வேண்டும். ஏழாம் ஓட்டைக்கு மேல் நான் போவதே அபூர்வம், காசு கொடுத்து வாங்கியதில் மூன்று ஓட்டை வேலையில்லாமல் இருக்கிறது. கீ ஏழெட்டு வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள், அவசரம் வேண்டாம். தங்கை மகன் கிட்டாரில் எப்போதும் 'ஈ'யிலேயே வாசிப்பான் என்பதால் 'ஏ' கீ ஒன்று வாங்கினேன் (அதில் 2 இழு 'ஈ'), அது மட்டும் நியாயமான செலவு. அம்மாவுக்கு இன்றுவரை ஒப்பவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல எதுக்குல இந்த ஒப்பாரி?" என்பாள். அது ஒருவகையில் சரியான விமர்சனம்தான் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் நாலாம் ஓட்டை மறுபடி இறங்க ஆரம்பித்திருக்கிறது. புதுசுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அரம் போடுகிறவர் காதுக்கு விஷயம் போய், "பழசைத் தூரப் போட்டிராத, இங்க கொண்டா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போகும்போது பிளேடை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாராம்.