ஆயிரம் டொலர் அறிக்கையும் வெள்ளவத்தை ரீலோட் கடையும்

எங்களுடையது பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன இறக்குமதிக் கம்பனி. ரவுட்டர், சார்ஜர், கேபிள் என்று கொண்டுவந்து கடைகளுக்குக் கொடுப்போம். 2025 தொடக்கத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு வருடமும் 4ஜி ரவுட்டரைக் குத்துமதிப்பில்தானே இறக்குகிறோம், இந்த முறை இலங்கைத் தொலைத்தொடர்புச் சந்தை பற்றி ஒழுங்காக ஒரு எதிர்வுகூறல் அறிக்கை வாங்கிப் பார்த்துவிட்டு இறக்குவோம் என்றார். வாங்கினோம். ஆயிரம் டொலருக்கு மேல் போனது. விற்றது ஒரு வெளிநாட்டு நிறுவனம், பெயர் வேண்டாம், இந்த மாதிரி அறிக்கையை நாட்டுக்கு நாடு மாற்றி விற்கிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. முழுவதையும் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காசு கொடுக்க யோசிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது கொஞ்சம்தான். வரலாற்று அத்தியாயம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. 1989இல் செல்டெல் வந்ததிலிருந்து தொடங்கி, 1993இல் மொபிடெல், 1995இல் ஜிஎஸ்எம்மோடு டயலொக், 2009 ஜனவரியில் எயார்டெல் என்று வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். வாசிக்கும்போது என் மாமாவின் 072 நம்பர்தான் ஞாபகத்துக்கு வந்தது. செல்டெல் காலத்தில் எடுத்த சிம். 2007இல் அது டிகோ ஆனது, 2010இல் எடிசலாட் ஆனது, 2018 கடைசியில் ஹட்ச் ஆனது. மனிதர் நம்பரையும் மாற்றவில்லை, வீட்டையும் மாற்றவில்லை, கம்பனிதான் மூன்று தரம் பெயர் மாற்றிக்கொண்டு அவரிடம் வந்தது. இலங்கையில் தொலைபேசிப் போட்டி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் மாமாவைத்தான் காட்டுவேன்.

சரி, காசு கொடுத்தது வரலாற்றுக்கு இல்லை, எதிர்வுகூறலுக்கு. அந்த அத்தியாயத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு கோடு, அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி ஒரே சரிவில் மேலே போகிறது. வருமானம் டொலரில். எந்த நாணயமாற்று விகிதம் என்று தேடித் தேடிப் பார்த்தேன், அடிக்குறிப்பில்கூட இல்லை. 2022ஐ இங்கே வாழ்ந்து கழித்த யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. செப்டம்பர் 5ஆம் திகதி தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு போன் கட்டணம் 20 வீதம் கூடியது. அதாவது ஆயிரம் ரூபா பில் கட்டினவர் ஆயிரத்து இருநூறு கட்டினார், ஆனால் டொலரில் பார்த்தால் 5 டொலர் 3 டொலர் சொச்சமாக இறங்கிவிட்டது. வாடிக்கையாளர் கூடக் கட்டி அழுகிறார், மேசையில் இருக்கிற டொலர்க் கணக்கில் கம்பனி சுருங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதை விளக்காமல் டொலரில் ஒரு கோடு கீறி என்ன பயன்? நாங்கள் சாமானை டொலரில் வாங்கி ரூபாவில் விற்கிறவர்கள், எங்களுக்குத் தேவைப்பட்டதே அந்த இடம்தான்.

அடுத்தது ஆட்கணக்கு. நாட்டில் இருக்கிற சிம்களை எண்ணி, அத்தனையும் சந்தாதாரர் என்று போட்டிருக்கிறார்கள். 2024 குடிசன மதிப்பீட்டின்படி நாம் கைக்குழந்தையோடு சேர்த்து ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம் பேர், சிம்கள் அதைவிட அதிகம். ஏனென்றால் ஒரு போனுக்குள் இரண்டு சிம். நம்பரை மாற்றாமல் கம்பனியை மட்டும் மாற்றும் வசதி இந்தியா முழுக்க 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது, இங்கே இந்த அறிக்கை எங்கள் கைக்கு வரும்வரை வரவில்லை. அதனால் மலிவான டேட்டா வேண்டுமென்றால் இரண்டாவது சிம் எடுப்பது, பழைய நம்பரை பாங்க் ஓடிபிக்காக உயிரோடு வைத்திருப்பது, இதுதான் நம் வழக்கம். சிம் கூடினால் சந்தை வளர்கிறது என்று அர்த்தமில்லை.

போட்டி பற்றிய அத்தியாயத்தைத் திறந்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. எயார்டெல் லங்கா தனி நிறுவனமாக, தனி நிறத்தில், தனிப் பங்கோடு வட்டப் படத்தில் இருக்கிறது. 2024 ஜூன் 26ஆம் திகதியே அது டயலொக்கோடு இணைந்துவிட்டது. பார்தி எயார்டெல் காசு வாங்கிக்கொண்டு போகவில்லை, அதற்குப் பதிலாக டயலொக்கில் 10.355 வீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அதாவது போட்டியாளர் பங்காளி ஆகிவிட்டார். போட்டி பற்றிய அத்தியாயத்தில் இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்க முடியும்? ஐந்து கம்பனியாக இருந்தது 2018இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்ததும் நாலு, 2024இல் மூன்று. ஆனால் அதே பக்கத்தில் 'புதியவர்கள் நுழையும் அபாயம் அதிகம்' என்று ஒரு பெட்டி போட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு அறிக்கையிலிருந்து அந்தப் பெட்டி தப்பி வந்ததோ தெரியாது.

விலைப்போர் எப்படி முடிந்தது என்பதையும் அவர்கள் தொடவேயில்லை. எயார்டெல் வந்த 2009இல் அழைப்புக் கட்டணம் விழுந்த வேகம் இப்போது நாற்பது வயது தாண்டினவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டயலொக் 2008, 2009 இரண்டு வருடமும் நட்டம் காட்டியது. 2010இல் ஆணைக்குழு தலையிட்டு இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று அடிமட்ட விலை வைத்தது. அப்புறம் திறைசேரி இருக்கிறது, மொபிடெலின் தாய் நிறுவனமான எஸ்எல்டியில் (ஸ்ரீலங்கா டெலிகொம்) 49.5 வீதம் அதன் கையில். அதை விற்கப்போகிறோம் என்று 2023இல் புறப்பட்டார்கள், இந்தியாவின் ஜியோவும் விண்ணப்பித்தது, 2024இல் ஆட்சி மாறியதும் அந்தப் பேச்சு நின்றது. இந்த இரண்டு முடிவையும் எடுத்தது சந்தை இல்லை, கொழும்பில் ஒரு மேசை. அறிக்கையில் இரண்டுக்கும் சேர்த்து அரை வரி.

செய்மதி இணையம் தருகிற ஸ்டார்லிங்குக்கு 2024 ஓகஸ்டில் அனுமதி கிடைத்தது, 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. அறிக்கையில் அதன் பெயரே இல்லை. விடுங்கள்.

எயார்டெல் விடயத்தைச் சுட்டிக்காட்டி அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். முதல் நாள் நன்றி சொல்லி ஒரு தானியங்கிப் பதில். இரண்டு கிழமை கழித்து விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர், திருத்திய பதிப்பு வந்திருக்கிறது, பழைய வாடிக்கையாளர் என்பதால் விலைக்கழிவு தருகிறோம் என்றார். முதலாளியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் நான் வழக்கமாக ரீலோட் போடுகிற கடைக்குப் போனேன். ஒரு ஆள் நிற்கிற அகலம்தான் கடை. மேசையில் மூன்று பழைய பட்டன் போன்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்பனிக்கு, பின்பக்க மூடி கழன்று விழாமல் றப்பர் பட்டி போட்டிருக்கும். பக்கத்தில் நம்பர் எழுதுகிற சிஆர் கொப்பி, நூல் கட்டின பேனை. முன்பு அந்த மேசையில் ஐந்து போன் இருந்தது. ஆயிரம் டொலர் அறிக்கைக்குத் தெரியாதது அந்த மேசைக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணையிடம் விடயத்தைச் சொன்னேன்.

"உதுக்கும் காசு குடுத்தனீங்களோ தம்பி?" என்றார்.

பிறகு கொப்பியைத் திருப்பிக் காட்டினார். 2022க்கு முதல் ஒரே ஆள் இரண்டு நம்பருக்கும் போடுவார்களாம், கட்டணம் கூடின பிறகு ஒன்றுக்குத்தான். மற்றது சாகாமல் இருக்க எப்போதாவது ஐம்பது ரூபா. ரவுட்டர் பற்றிக் கேட்டேன். "பைபர் வந்த ஒழுங்கையில ஒருத்தரும் கேக்கிறேல்ல. வாடகைக்கு இருக்கிற ஆக்கள்தான் வாங்கினம், வீடு மாறேக்க தூக்கிக்கொண்டு போகலாம் எண்டு." நூறு பக்கத்தில் நான் தேடினது இந்த இரண்டு வரியைத்தான்.

யாராவது வாங்க யோசித்தால் என் பதில்: வேண்டாம். டயலொக், எஸ்எல்டி இரண்டுமே கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கின்றன, காலாண்டுக் கணக்கு இலவசம். ஆணைக்குழுவின் புள்ளிவிபரமும் மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார மீளாய்வும் இலவசம். கொழும்பில் இருக்கிற லேர்ன் ஏசியா (LIRNEasia) என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகளும் இலவசம், அதோடு இந்த ஊர் தெரிந்தவர்கள் எழுதினது. இவற்றை வைத்து நாமே ஒரு கிழமையில் இதைவிட நல்ல கணக்கு எழுதலாம், கோடு மட்டும் அவ்வளவு நேராக வராது.

ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்று வரலாற்று அத்தியாயத்துக்கு, அரை மாமாவின் 072க்கு. முதலாளி கடைசியில் வழக்கமாக இறக்குகிறதில் பாதி ரவுட்டர்தான் இறக்கினார், அதையும் வாடகை வீடுகள் கூடின பக்கத்துக் கடைகளுக்கே அனுப்பினோம். ரீலோட் கடை அண்ணைக்கு இரண்டு ரவுட்டர், கடனுக்கு.