சேலம் அஞ்சு ரோட்டு மாடியில் ஒரு கேமரா வாடகைக் கடை

சேலத்தில் குறும்படமோ பாட்டு வீடியோவோ எடுக்க நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் கேமரா வாடகைக்காகக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியதில்லை. அஞ்சு ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், வீட்டு மாடியிலேயே ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். ஒரு அண்ணனும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். அண்ணன் பல வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர், இப்போது முழுநேரமும் வாடகைதான்.

எங்கள் குழுவில் நான் இயக்கவும் இல்லை, கேமராவும் பிடிக்கவில்லை. பணம், அனுமதிக் கடிதம், வண்டி, சாப்பாடு, வாடகைச் சாமான் எல்லாம் என் பொறுப்பு. ஆகவே இது வாடகை கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள் எழுதும் மதிப்புரை.

நாங்கள் எடுத்தது கொலுசைப் பற்றிய ஒரு பாட்டு. எங்கள் வகுப்புத் தோழி எழுதி, அவளே மெட்டுப் போட்டுப் பாடியது. சொந்தப் பாட்டு என்பதால் யூடியூபில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினை எதுவும் வரவில்லை. முதல் பாதி செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில், மறு பாதி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில்.

கடைக்குப் போனதும் என்னென்ன வேண்டும் என்று எழுதிய தாளை நீட்டினேன். அண்ணன் அதை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஷாட் லிஸ்ட் இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. ஒவ்வொரு ஷாட்டாகப் படிக்கச் சொன்னார். எங்கே, எத்தனை மணிக்கு, வெளிச்சம் எந்தப் பக்கம், அங்கே கரண்ட் இருக்கிறதா, யார் நடமாடுகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் தாளைத் திருப்பினார். நடந்துகொண்டே ஆடாமல் எடுக்க உதவும் கிம்பலை அடித்தார், நாள் வாடகை 900. கேமராவைத் தண்டவாளத்தில் போல நகர்த்தும் ஸ்லைடரை அடித்தார், 500. அவருக்கு வர வேண்டிய பணத்தை அவரே அடிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பதிலுக்கு ஒரே ஒரு பொருளைச் சேர்த்தார்: மிகக் கிட்டே போய் எடுக்கும் சோனி 90 எம்எம் மேக்ரோ லென்ஸ், 800 ரூபாய். "கொலுசு பாட்டுன்றீங்க, கண்ணி தெரிய வேணாமா?" என்றார்.

இந்தக் கடையில் நாம் கொடுக்கும் வாடகைக்கு உண்மையில் கிடைப்பது இந்த அரைமணி நேரப் பேச்சுதான் என்பது என் கருத்து. நாங்கள் எடுத்த சோனி ஏ7 III கேமரா பாடி (லென்ஸ் இல்லாமல்) நாளுக்கு 1,500 என்று எங்கும் கிடைக்கலாம். நம் படத்தை மனதில் ஓட்டிப் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்பவர் எங்கும் கிடைக்கமாட்டார்.

பட்டறையில் அது எப்படி உதவியது என்று சொல்கிறேன். கொலுசுப் பட்டறை சின்ன அறை. இரண்டு டியூப்லைட், ஒரு எல்ஈடி பல்பு. கம்பி இழுப்பவர், கண்ணி கோப்பவர், பற்றவைப்பவர் எல்லாரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கிம்பலை எடுத்துக்கொண்டு திரும்பவே இடமில்லை. மேக்ரோவில் கிட்டே போனால் ஃபோகஸ் ஒரு நூல் அளவுதான் நிற்கும். லென்ஸின் துவாரத்தை எஃப்8 அளவு வரை மூடினால்தான் ஒரு கண்ணி முழுதாகத் தெளிவாகத் தெரியும். எஃப்8-க்கு மூடினால் வெளிச்சம் பத்தாது. அதற்காகத்தான் கோடாக்ஸ் எஸ்எல்60 லைட்டைப் பட்டறைக்கு மட்டும் கொடுத்தார். அது கரண்டில் ஓடுவது, ஏற்காட்டுத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய் என்ன செய்வது? மலைக்கு பேட்டரியில் ஓடும் சின்ன எல்ஈடி பேனல் ஒன்று தந்தார்.

அந்த லைட்டை நேராக வெள்ளி மேல் அடித்துவிடக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளி எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். லைட்டைக் காட்டினால் வெள்ளைப் பொட்டாக எரிந்துவிடும், சட்டையைக் காட்டினால் சட்டை நிறம் ஏறும். "வீட்ல பழைய வெள்ளை வேட்டி இருந்தா கொண்டாங்க" என்றார். நாலு முழ வேட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் லைட்டை வைத்தோம். மறுபக்கம் கறுப்பு சார்ட் பேப்பர் ஒன்று. வேட்டியின் வெண்மை கண்ணியின் வளைவில் மென்மையாக ஏறி, ஓரத்தில் சார்ட்டின் கறுப்பு ஒரு கோடாக இறங்கியபோது, நாங்கள் தினமும் காலில் போடும் பொருளா இது என்று திரையை எட்டிப் பார்த்தோம். பற்றவைக்கும் அண்ணாச்சியே எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னொருக்கா ஊதட்டுமா?" என்று கேட்டார். அவர் கையை ஒரே இடத்தில் ஊன்றிக்கொள்ளச் சொல்லி, பெஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு ஃபோகஸை அங்கேயே பூட்டிவிட்டோம். இதுவும் கடையில் கேட்டு வந்த யோசனைதான்.

இன்னொன்று. கேமராவைக் கொடுக்கும்போதே அண்ணன் மெனுவுக்குள் போய் பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி நொடிக்கு 25 ஃபிரேமில் வைத்துத் தந்தார். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி, 50 ஃபிரேமுக்கு 1/100 நொடி என்று வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் அலையடிக்காது. போனில் எடுத்த வீடியோவில் பட்டறை மினுக் மினுக் என்று துடிப்பதைப் பார்த்திருக்கிறோம், கேமராவில் அது வரவே இல்லை. மலிவான எல்ஈடி பல்புகளை மட்டும் நம்ப வேண்டாம் என்றார். அந்த ஒரு பல்பை அணைத்துவிட்டோம்.

ஏற்காட்டுப் பகுதிக்கு இயக்குநர் கேட்டது இது: பாடகி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நடந்து வர வேண்டும், முடியும் துப்பட்டாவும் பனியும் மெதுவாக அசைய வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். இதற்கு வழி, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே பாடச் சொல்லி, 50 ஃபிரேமில் எடுத்து, பிறகு 25-க்கு மெதுவாக்குவது. எங்கள் எடிட்டருக்கு இது தெரியும். ஆனால் அண்ணன் சொன்ன ஒரு விஷயம் அவனுக்கும் புதிது: சோனியில், கேமராவே மெதுவாக்கித் தரும் எஸ் அண்ட் க்யூ மோடில் எடுத்தால் ஒலி பதிவாகாது. ஒலி இல்லாவிட்டால் எடிட்டிங்கில் எந்த வரி எங்கே பொருந்துகிறது என்று கண்ணால் தேடி உட்கார வேண்டியதுதான். சாதாரண முறையில் 50 ஃபிரேமில் எடுத்துக் கணினியில் மெதுவாக்கினால் கேமரா மைக்கில் பதிவான ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்தே மெதுவாகும், அதை வைத்து நொடியில் பொருத்திவிடலாம். இந்தக் கேமராவில் 4கே-யில் 50 ஃபிரேம் கிடையாது, ஆகவே அந்த ஷாட்டுகளை மட்டும் ஃபுல் ஹெச்டி-யில் எடுத்தோம். யூடியூபில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வேகப்படுத்திய பாட்டை ஒருவர் போனில் மட்டும் வைக்காமல் இரண்டு போனில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மலையில் சிக்னலை நம்பி எதையும் வைக்கக் கூடாது, சரிதான்.

வாடகை நாள் என்பது காலை 9 முதல் மறுநாள் காலை 9 வரை. ஏற்காட்டில் பனி வேண்டுமென்றால் விடியும்போது மேலே இருக்க வேண்டும். மாணவர்கள் விடியற்காலை ஷூட் என்றால் முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கே கொடுத்துவிடுகிறார், அதற்குத் தனிக் காசு இல்லை. வேறு எங்கும் எங்களுக்கு இந்தச் சலுகை கிடைத்ததில்லை.

மலைக்கு என்றதும் அக்கா, அதாவது அண்ணன் மனைவி, ஒரு தனிப் பை கட்டித் தந்தார். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் உறை, பருத்தித் துண்டு, ஒரு குடை. பனியில் லென்ஸை ஊதித் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். மேலே குளிரில் இருந்த கேமராவைக் கீழே வந்ததும் திறக்கக் கூடாது, உறைக்குள்ளேயே வைத்து அது சேலத்து வெக்கைக்குப் பழகிய பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். இதை அக்கா எனக்குச் சொன்னார், நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அனுமதி விஷயத்திலும் அவர்கள் பேச்சு உதவியது. கொண்டை ஊசி வளைவுகளில் எடுக்கலாமா என்று கேட்டோம். இருபது வளைவிலும் நிற்க இடமில்லை, பஸ்ஸும் கார்களும் வந்துகொண்டே இருக்கும், அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்றார் அண்ணன். தோட்டத்து முதலாளிக்குத் துறைத் தலைவரிடமிருந்து லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள் என்றார். அந்தக் கடிதத்தைப் படித்த தோட்டத்து மேஸ்திரி எங்களுக்கு மிளகுக் கொடி படர்ந்த மரங்கள் இருக்கும் பக்கத்தைத் தானாகவே காட்டினார். எங்கள் பட்டியலில் இல்லாத இடம், வீடியோவில் எல்லாரும் கேட்கும் இடம் அதுதான்.

குறைகளும் உண்டு. முக்கியமானது ஒலி. ஒலி பதிய ஜூம் ரெக்கார்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆனால் காற்றுத் தடுப்பு உறை இல்லை. வயர்லெஸ் மைக் பழையது, இடையிடையே கரகரக்கிறது. பாட்டு வீடியோவுக்கு இது பாதிக்காது, ஏனென்றால் பாட்டு ஸ்டுடியோவில் பதிவானது. வசனம் பேசும் குறும்படம் எடுப்பவர்கள் மைக்கை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளவும். டிரைபாட் தலை பக்கவாட்டில் திருப்பும்போது தொடக்கத்தில் இழுக்கிறது. நகராத ஷாட்டுக்கு நல்லது, பான் பண்ணுவதற்கு இல்லை. நாங்கள் வாங்கிய பேட்டரிகளில் ஒன்று மலைக் குளிரில் சீக்கிரம் இறங்கியது. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன், அண்ணன் உடனே அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டித் தனியே வைத்தார், வாடகையிலும் 100 ரூபாய் கழித்தார்.

திருப்பிக் கொடுப்பது அக்காவின் துறை. நீளவாக்கு நோட்டு ஒன்றில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி. லென்ஸை ஜன்னல் பக்கம் பிடித்து, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார். கார்டை எங்கள் கண் முன்னால் கேமராவில் போட்டு, "காப்பி எடுத்தாச்சா கண்ணு? ரெண்டு இடத்துல?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃபார்மேட் செய்வார். டிரைபாட்டின் அடியில் திருகும் அந்தச் சின்ன பிளேட்டை முதலில் எண்ணுவார். மாணவர்கள் அதைத்தான் தொலைக்கிறார்களாம். எங்களிடம் பத்திரமாக இருந்தது. முன்பணம் 5,000 அந்த நிமிஷமே ஜிபேயில் திரும்பி வந்தது. வாங்கும்போது ஆதார் நகலும் கல்லூரி அடையாள அட்டை நகலும் கேட்கிறார்கள், இரண்டையும் கையோடு கொண்டு போனால் அலைச்சல் இல்லை.

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-ல் இங்கே தயாரானது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தையும் 1956-ல் இவர்கள்தான் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாணவி கேமராவுக்காக மணிக்கணக்கில் பஸ்ஸில் போய் வர வேண்டியிருப்பது எனக்கு எப்போதுமே வருத்தம். இந்த மாடிக் கடையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக முன்பதிவு. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் எல்லாச் சாமானும் கல்யாணக்காரர்கள் கையில் இருக்கும். சனி, ஞாயிறில் கேட்கவே வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கடை காலியாக இருக்கும், இரண்டு நாள் எடுத்தால் வாடகையில் குறைத்தும் தருவார்கள். ஆடியில் ஏற்காட்டில் பனி மூட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் சேலத்துக்குள் எடுக்கும் பகுதியை ஆடித் திருவிழா நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாரியம்மன் கோயில் மைக் செட் தெருவுக்குத் தெரு முழங்கும், பட்டறைகளிலும் ஆள் இருக்கமாட்டார்கள். நாங்கள் அடுத்த குறும்படத்துக்கு மார்கழியில் ஒரு செவ்வாய், புதனைக் கேட்டு வைத்திருக்கிறோம். மைக்குக்கு மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், சேலத்திலேயே நல்லதாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.