பெட்டி கைக்கு வராமல் படகை விட்டு இறங்காதீர்கள்: 1,98,000 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலை நாலரை மணிக்குக் கூரியர் தம்பி வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். 41 நாள் காத்திருந்த பெட்டி. அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். திறந்தால் மேலே என் சட்டைகள், நடுவில் என்னுடையதே இல்லாத ஒரு வெள்ளைச் சீருடைச் சட்டை, மூலையில் அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொடி டப்பா. அவ்வளவுதான். என் கத்திப் பை இல்லை. லேப்டாப் இல்லை.

கத்திகள் 96,000 ரூபாய். லேப்டாப் 54,000. இந்தப் பெட்டியை அனுப்பி வைக்க என்னிடம் வாங்கிய கூலி 480 யூரோ, அதாவது 48,000. மொத்தம் 1,98,000 ரூபாய். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சொகுசுப் படகு வேலைக்குப் போகிற தம்பிகள் யாராவது படித்துவிட்டுப் போனால் சரி.

நான் தூத்துக்குடிக்காரன். சென்னையில் ஓட்டல் கிச்சனில் ஆறு வருஷம், அப்புறம் பயணிகள் கப்பலில் இரண்டு கான்ட்ராக்ட். இந்த மே மாதம் பிரான்சில் ஆன்டீப் ஊரில் ஒரு 47 மீட்டர் படகில் இரண்டாவது சமையல்காரனாக ஏறினேன். வோபான் துறைமுகம் என்பார்கள்; பின்னால் பழைய கல்கோட்டை, முன்னால் வரிசையாகக் கோடீஸ்வரர்களின் படகுகள். எங்களுடையது வாடகைக்கு விடுகிற படகு. விருந்தினர் பத்துப் பேர், வேலைக்காரர்கள் பதினோரு பேர்.

வேலை போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், என் மேல் திருட்டோ குடியோ என்று யாரும் நினைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு க்ரூவுக்குச் சாப்பாடு, நள்ளிரவு தாண்டி விருந்தினர் கேட்கிற பாஸ்தா. தொடர்ந்து ஒன்பது நாள் ஆறு மணி நேரத்துக்கு மேல் நான் படுக்கவில்லை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று மெஸ் சுவரிலேயே ஒட்டியிருந்தது. ஓய்வு நேரப் பதிவேட்டில் எல்லோரும் பத்து என்று எழுதுவார்கள். நான் ஆறு என்று எழுதினேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார். "நீ இந்தப் படகுக்குச் சரிப்பட்டு வரமாட்டாய்" என்றார். ஒப்பந்தத்தில் ஏழு நாள் முன்னறிவிப்பு என்று இருந்தது. எனக்குக் கிடைத்தது நாற்பது நிமிஷம்.

இனி வருவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஏமாந்த இடம் இதுதான்.

படகில் எங்கள் அறை ரயில் பெர்த் மாதிரி. மேலே ஒருவன், கீழே ஒருவன், நடுவில் ஒருவர் நிற்கத்தான் இடம். பெரிய பெட்டியை அறையில் வைக்க விடமாட்டார்கள். முன்பக்கம் கயிறுகள் கிடக்கும் ஸ்டோரில் வாங்கி வைத்துவிடுவார்கள். விருந்தினர் வந்திறங்கிய முதல் நாளே தலைமைச் சமையல்காரர் என் கத்திப் பையையும் பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார், அவருடைய கிச்சனில் அவர் கத்திதான் என்று. லேப்டாப்பும் அதற்குள்தான் இருந்தது. நான் பெட்டி வேண்டும் என்று கேட்டபோது கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். விருந்தினர் முன்டெக்கில் வெயில் காய்கிறார்கள், ஸ்டோர் மூடியை இப்போது திறக்க முடியாது என்றார். "இன்று சாயங்காலமே துறைமுகத்தில் நம் படகு வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் ஆபீசில் இறக்கி வைக்கிறேன். நாளை நீ வாங்கிக்கொள். நான் பொறுப்பு." தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

மேஜையில் ஒரு தாள். அதற்குப் பக்கத்தில் என் பாஸ்போர்ட்டும், சிடிசி என்கிற மாலுமிப் புத்தகமும். ஏறிய நாளிலேயே அவற்றை வாங்கி வைத்திருந்தார். தாளில் நாலு வரி: சம்பளம் முழுவதும், சொந்தப் பொருட்கள் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. பெட்டி இன்னும் வரவில்லையே சார் என்றேன். அது வெறும் சம்பிரதாயம், கையெழுத்து ஆனால்தான் சைன்-ஆஃப், அதாவது படகிலிருந்து உன்னை விடுவிக்கிற வேலை நடக்கும், உன் விசாவையும் யோசித்துப் பார் என்றார். பாஸ்போர்ட் அவர் கைக்கு அடியில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். தோளில் ஒரு பையோடு பலகை வழியாக இறங்கினேன். செருப்புகூட படகில் ஏறும் இடத்தில் கூடையில் கிடந்தது, அதை எடுத்துக்கொடுத்தது ஒரு பிலிப்பைன்ஸ் பையன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் நின்றேன். பெட்டி எதுவும் வரவில்லை என்றார்கள். துறைமுகத்துக்கு ஓடினேன். படகு நின்ற இடத்தில் வேறு படகு. எங்கள் படகு விடியற்காலையே இத்தாலியின் சார்டினியா தீவுக்குக் கிளம்பிவிட்டதாம். மாலை எனக்கு நீஸ் விமான நிலையத்தில் விமானம். வெறுங்கையோடு ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. ஏஜென்ட், படகைக் கேள் என்றார். படகு, ஏஜென்ட்டைக் கேள் என்றது. படகை நிர்வகிக்கும் கம்பெனிக்கு ஏழு மெயில் அனுப்பினேன். ஒரே ஒரு பதில், "தங்கள் தகவல் கவனத்தில் கொள்ளப்பட்டது". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. என்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட மும்பை ஆளைப் பிடித்தேன். அவருக்கு நான் 40,000 ரூபாய் கொடுத்துத்தான் போயிருந்தேன். அவர், "ஆளை ஏற்றி விடுவதோடு என் வேலை முடிந்தது" என்றார். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்கவே கூடாது என்று சர்வதேசச் சட்டத்தில் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. அவரிடம் ஆர்பிஎஸ்எல், அதாவது மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்புகிறவர்களுக்கான அரசு உரிமம், இருக்கிறதா என்றும் நான் பார்க்கவில்லை. அவரிடம் அது இல்லை. இருந்திருந்தால் கப்பல் துறை இயக்குநரகத்தில் அவர் உரிமத்தின் மேலேயே புகார் கொடுத்திருக்கலாம்.

24-ஆம் நாள் ஏஜென்ட்டிடமிருந்து அவராகவே மெயில். பெட்டி இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது, வைத்திருந்த வாடகை, பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்த்து 480 யூரோ அனுப்பினால் வீட்டுக்கே வரும். கூடவே என் பெட்டியின் போட்டோ. நீலப் பெட்டி, பூட்டில் நான் கட்டிய சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. திறந்து காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. மச்சானிடம் கடன் வாங்கி 48,000 அனுப்பினேன். வேலையை விட்டு அனுப்பும்போது ஊர் திரும்பும் செலவோடு 30 கிலோ சாமான் கொண்டுவரும் செலவையும் முதலாளி தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் வழிகாட்டு நெறியில் இருக்கிறது. பணம் போன பிறகு ஒரு ராத்திரி செல்போனில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சமையல்காரன் இல்லாதவர்களுக்கு இது வெறும் கத்தி. ஐந்து கத்திகள், எல்லாம் ஜப்பானில் செய்தவை, நாலு வருஷத்தில் ஒன்றொன்றாகச் சம்பளத்தில் வாங்கியது. பெரிய கத்தியின் முனை ஒருமுறை கீழே விழுந்து நெல்மணி அளவு உடைந்தது. சாணைக்கல்லில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே தேய்த்துச் சரிசெய்தேன். அதனால் முனை கொஞ்சம் மழுங்கி, கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். இருட்டில் தடவினாலும் என்னுடையது என்று சொல்வேன்.

நேற்று ராத்திரி செருப்பு எடுத்துக்கொடுத்த அந்தப் பையனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். படகின் கிச்சன் சுவரில் காந்தப் பட்டை, அதில் வரிசையாகக் கத்திகள். மூன்றாவது என்னுடையது. அந்த வளைந்த முனை தெளிவாகத் தெரிகிறது. இந்தப் படத்தை நான் எங்கும் காட்ட முடியாது. காட்டினால் அவன் வேலை போய்விடும், அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

கேப்டனுக்குப் படத்தைச் சொல்லாமல் கத்தி எங்கே, லேப்டாப் எங்கே என்று மட்டும் கேட்டு எழுதினேன். இன்று காலை பதில் வந்துவிட்டது, இந்த 41 நாளில் அவர் போட்ட முதல் பதில். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் போட்டோ. கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கை நடுங்குகிறது, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பெட்டி கரையில் உங்கள் காலடியில் வந்து நிற்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் கையெழுத்துக்கு மேலே "பெட்டி இன்னும் தரப்படவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள், போட்டோ எடுங்கள். ஏறுகிற நாளிலேயே பெட்டிக்குள் இருப்பதைத் தேதியோடு வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பில் இல்லாத கத்தியும் கருவியும் படகுச் சொத்து என்று சொல்லிவிடுவார்கள்; என் கத்திகளில் இரண்டுக்குத்தான் பில் இருக்கிறது. படகு அந்தத் துறைமுகத்தில் நிற்கும்போதே அங்குள்ள துறைமுக அதிகாரியிடம் புகார் கொடுங்கள், ஐடிஎஃப் என்கிற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் இன்ஸ்பெக்டர் இருந்தால் அவரிடமும் போங்கள். வாடகைக்கு விடாத, முதலாளி தனக்கென்று வைத்திருக்கிற படகு என்றால் நான் மேலே சொன்ன கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பொருந்தாது, அதையும் ஏறும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள். மாலுமிகளுக்கென்றே சீஃபேரர்ஹெல்ப் என்று ஓர் இலவச உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். நான் ஊருக்கு வந்த பிறகுதான் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, படகு இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இத்தாலியில் கூரியரில் ஏற்றும்போது போட்ட எடை 15.6 கிலோ. மே மாதம் சென்னை விமான நிலையத்தில் போட்ட பழைய சீட்டும் கைப்பிடியில் இன்னும் தொங்குகிறது. அதில் 22 கிலோ. இரண்டையும் சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்துவிட்டேன். கேப்டன், ஏஜென்ட், நிர்வாகக் கம்பெனி, படகின் கொடி எந்த நாட்டுடையதோ அந்தக் கப்பல் பதிவு அலுவலகம், நாலு பேருக்கும் இன்றைக்கே அனுப்பப் போகிறேன். 1,98,000 ரூபாய் என்று மேலே பெரிதாக எழுதித்தான் அனுப்புவேன்.